மூலையில் இருக்கும் பெட்டி

ஜூன் 2

தங்கைக்கு,

புதிய முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கடிதம் எழுது. உன் எண்ணையும் உன் வீட்டுக்காரர் எண்ணையும் என் போனில் தடுத்துவிட்டேன். சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிப்பவர்கள் நம் குடும்பத்தில் அதிகம். தாளில் எழுதினால் அது இருக்கும். என் கடிதங்களுக்கு நான் நகல் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு வார்த்தைக்காக வீட்டை விட்டுப் போவார்களா என்று நீ கேட்டாயாம். சாமான் ஏற்றிய வேன்காரர் சொன்னார். ஒரு வார்த்தை இல்லை, ஐந்து வாக்கியம். வரிசையாக நினைவிருக்கிறது. எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜையில் உன் வீட்டுக்காரர் சொன்னது: "எங்க வீட்டு ரௌட்டரும் மச்சானும் ஒண்ணுதாங்க. ரெண்டும் மாடி மூலையில உட்கார்ந்திருக்கும். எந்நேரமும் சூடு. சிவப்பு லைட் எரிஞ்சா யாரும் கிட்டப் போகக்கூடாது. கொஞ்ச நேரம் அணைச்சு வெச்சாத்தான் சரியாகும்."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். எல்லோரும் நிறுத்திய பிறகும் உன் சிரிப்பு மட்டும் கேட்டது.

என்னைவிட ஆறு வயது இளையவனைத் துறைத்தலைவராக உட்காரவைத்த கல்லூரியில்கூட யாரும் என் முகத்துக்கு நேராகச் சிரித்ததில்லை. அங்கே முதுகுக்குப் பின்னால் சிரிக்கிற நாகரிகமாவது இருந்தது.

அந்த வீட்டு இணைய இணைப்பு என் பெயரில் இருந்தது. முடித்துவிட்டேன். முடிப்பதற்கு நான்கு முறை போன் செய்யவைத்தார்கள். நான்காவது முறை பேசிய பெண், "எங்கள விட்டுப் போக என்ன காரணம் சார்?" என்று கேட்டாள். "உறவு" என்றேன். அப்படி ஒரு காரணம் அவளுடைய பட்டியலில் இல்லையாம். "மற்றவை" என்று போட்டுக்கொண்டாள். எனவே பழைய கம்பெனியோடும் தீர்ந்தது.

நெடுஞ்சாலையில் நாலு மாடி உயரத்துக்கு விளம்பரப் பலகை வைத்திருக்கிறானே, அந்தக் கம்பெனியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேகம் பழையதைப்போல மூன்று மடங்கு. மூன்று நாளில் வந்து மாட்டிவிடுவார்கள். உன் வீட்டுக்காரர் ஒரு குழாய் வாங்குவதற்கே அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கேட்பார். நான் யாரையும் கேட்கவில்லை. படித்தவன் ஒப்பந்தத்தைப் படித்தால் போதும்.

இந்தத் தெருவில் இந்த வியாபாரத்துக்கு எவ்வளவு அடிதடி என்றால், நான் சாமான் இறக்கிய அன்றே பழைய கம்பெனியின் லைன்மேன் ஒருவன் கையில் பெட்டியோடு வாசலில் நின்றான். "சார், இந்த வீட்டுக்கு ஒரு புக்கிங்" என்று ஆரம்பித்தான். நான் எதையும் புக் செய்யவில்லை. விற்பதற்கு இப்படியும் ஒரு தந்திரம். அவன் பேசி முடிப்பதற்குள் கதவைச் சாத்தினேன். நல்ல கனமான கதவு. இந்த வீட்டில் எனக்குப் பிடித்த முதல் பொருள் அதுதான்.

மற்றபடி தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். விடைத்தாள் திருத்தும் வேலை எல்லாம் இப்போது திரையில்தான் என்பதால் நூலகத்துக்கு நடந்து போய்ச் செய்கிறேன். இணைப்பு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியக்காவோடு நான் இங்கிருந்து தனியாகப் பேசிக்கொள்வேன். நீ உன் வீட்டிலிருந்து பேசிக்கொள்.

அண்ணன்

ஜூன் 6

அண்ணா,

உன்னிடம் நகல் இருப்பதால் நீ எழுதியதை நான் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் இதைப் படி.

இருபத்துநாலாம் தேதி பெரியக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கே தெரியும். நீ இணைப்பை வெட்டிவிட்டதால் மொட்டைமாடியில் நின்று என் போனில் பேசினேன். படம் நின்று நின்று வந்தது.

"என்னடி, நீ மட்டும் நிக்கிற? தம்பி எங்க?"

"காலேஜ் விஷயமா வெளியூர் போயிருக்கு அக்கா."

"அவன்தான் காலேஜ விட்டு ஆறு வருஷம் ஆச்சே."

"இது வேற காலேஜ் அக்கா."

நம்பினாளோ என்னவோ. பிறகு அவள் மகன் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து சொன்னான். "சித்தி, அங்க என்ன நடந்தாலும் அம்மா காதுக்கு வரக்கூடாது. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்." அவனுக்கு நீ போனது தெரியாது. இருந்தாலும் என் குரலில் எதையோ பிடித்துவிட்டான்.

போனை வைப்பதற்கு முன் அக்கா சொன்னது இது: "இருபத்தொண்ணாம் தேதி ஞாயிறு ரெண்டு பேரும் எப்பவும் போலச் சேர்ந்து உட்காருங்க. உங்க ரெண்டு மூஞ்சியையும் ஒண்ணா பாத்துட்டுப் போறேன்." அந்தப் "போறேன்" எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியவில்லை. நீதான் எழுதத் தெரிந்தவன். நீ கேட்டிருக்க வேண்டும்.

அவள் ஊரை விட்டுப் போய்ப் பத்து வருடம். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் மாடியில் உட்கார்ந்து அந்த வைஃபைக்கு "மூன்றுகழுதை" என்று பெயர் வைத்தாள். அப்பா நம் மூன்று பேரையும் மொத்தமாகக் கூப்பிட்ட பெயர். பாஸ்வேர்டும் அவள் வைத்ததுதான். "இதை மாத்தினீங்கன்னா வந்து உதைப்பேன்" என்றாள். நீ வெட்டிய அன்று சாயங்காலம் கம்பெனிக்காரன் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான், எல்லோர் போனிலிருந்தும் அந்தப் பெயர் காணாமல் போனது.

இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு இங்கே வா. மாடி நீ விட்டபடி அப்படியே இருக்கிறது. அவர் பம்பு ரிப்பேர் கடையில் இருப்பார். நீ அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

தங்கை

ஜூன் 10

தங்கைக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். அக்காவின் மகன் உன்னிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன். கேட்டால், நீ போனைத் தடுத்துவைத்தால் எப்படிச் சொல்வான் என்பாய். அவன் எண்ணை நான் தடுக்கவில்லை. சிக்னல்தான் இல்லை.

உட்காருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்த முகமாகவே இருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் இல்லை. இனி அந்தப் படியில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். நீ இங்கே வா. தனியாக வா. அதற்குள் இங்கே இணைப்பு வந்திருக்கும்.

வந்திருக்கும் என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விளம்பரப் பலகைக் கம்பெனிக்காரன் மூன்று நாள் என்றான். ஆறாம் நாள் ஒருவன் ஏணியோடு வந்தான். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு முறை நடந்தான். பிறகு என் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"சார், எங்க மேப்ல உங்க தெரு இருக்கு. உங்க தெருவுலதான் எங்க கேபிள் இல்ல."

"எப்ப வரும்?"

"ரோடு தோண்ட அனுமதி கேட்டிருக்கோம் சார்."

"அனுமதி எப்ப கிடைக்கும்?"

"அது மேப்ல காட்டாது சார்."

அவனைத் திட்டி என்ன செய்ய. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம், பாத்திரம் கழுவும் தொட்டிக்குமேல் குனிந்தபடி, ஒரு கோடு சிக்னலில். என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் பதினேழு முறை சொன்னது. கடைசியில் வந்த மனிதனிடம் ஒப்பந்தத்தை ரத்து செய் என்றேன். சேவை தொடங்கினால்தான் ரத்து செய்ய முடியும், இன்னும் தொடங்கவில்லையே சார் என்றான். தொடங்கு என்றேன். கேபிள் இல்லையே சார் என்றான். முப்பது வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த வாதத்தில் எந்த இடத்தில் ஓட்டை என்று எனக்குத் தெரியும். தெரிந்து ஒன்றும் ஆகவில்லை.

மூன்று புகார் எழுதியிருக்கிறேன். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. ஏற்பாடு செய்துவிடுவேன். உன் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டாதே. இன்னொரு விருந்துக்கு அவருக்கு விஷயம் கிடைக்கும்.

அண்ணன்

ஜூன் 13

அண்ணா,

படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "மச்சான் கதவைச் சாத்தினப்பவே நெனச்சேன்" என்றார். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதை மீறித்தான் எழுதுகிறேன். எனக்கு இப்போது அவ்வளவு கோபம்.

நீ வீடு பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டாய் என்று தெரிந்ததும் வேன்காரரிடம் முகவரி வாங்கிக்கொண்டு அவர் அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறார். நீ குடிபோவதற்கு நான்கு நாள் முன்னால். முதல் மாடியில் பல் டாக்டர் இருக்கிறாராம், அவரிடம் கேட்டிருக்கிறார். பலகைக் கம்பெனியின் கேபிள் அந்தப் பக்கம் வரவே இல்லை, பழைய கம்பெனி மட்டும்தான், அதிலும் தெருவிலிருக்கும் கேபிள் பெட்டியில் இன்னும் ஒரே ஒரு இணைப்புக்குத்தான் இடம் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு இடத்தை இவர் தன் பெயரில் புக் செய்துவிட்டு வந்தார். உன் பெயரில் செய்தால் உனக்குக் குறுஞ்செய்தி வரும், நீ ரத்து செய்துவிடுவாய் என்று தன் பெயரில். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீ அக்காவோடு பேச வேண்டுமே என்று.

நீ சாமான் இறக்கிய அன்று கையில் பெட்டியோடு வந்து நின்றவன் விற்பதற்கு வரவில்லை. அவன் முகத்தில்தான் நீ அந்தக் கனமான கதவைச் சாத்தினாய்.

நான் சிரித்தேன் என்கிறாய். சிரித்தேன். தப்புத்தான். ஆனால் அண்ணா, இருபத்திரண்டு வருடமாக வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் நீ அவரை "நம்ம பம்பு எஞ்சினியர்" என்று அறிமுகம் செய்கிறாய். எங்களுக்குக் கல்யாணமான முதல் வருடம் உன் நண்பர்கள் நடுவில் ஒரு வினாத்தாளை நீட்டி, "தலைப்ப மட்டும் படிங்க மாப்பிள்ளை, போதும்" என்றாய். உன் நண்பர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். உனக்குத் துணையாக. அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் எந்த வீட்டை விட்டுப் போனார்?

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறை திருப்பிச் சொன்னார். நீ வேன் வரவழைத்தாய்.

அந்த இடம் இன்னும் இருக்கிறதா, வேறு யாருக்காவது போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. போய் விசாரி. புகார் எழுதாதே, நேரில் போய்க் கேள். உனக்குக் கேட்க வராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேள். அக்காவிடம் இன்னொரு பொய் சொல்ல என்னிடம் கல்லூரி மிச்சமில்லை.

தங்கை

ஜூன் 18

தங்கைக்கு,

தபாலை நம்ப நேரமில்லை. இதை உன் கேட்டிலிருக்கும் பெட்டியில் நானே வந்து போடுகிறேன். படி ஏறவில்லை.

என்னைக் கேட்காமல் எனக்கு நல்லது செய்கிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் கோபம் வரும். இப்போதும் வந்தது. முதல் நாள் முழுக்க அந்தக் கோபத்திலேயே போனது. நீ எழுதிய வினாத்தாள் விஷயம் எனக்கு நினைவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். நினைவிருக்கிறது. அதனால் எழுதவில்லை.

மறுநாள் பழைய கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். டோக்கன் அறுபத்துநாலு. பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம். என் முறை வரும்போது உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவன் திரும்பிப் பார்த்தான். அதே லைன்மேன்.

"நீங்கதான கதவச் சாத்தினது?"

"ஆமாம்."

"மூக்கு தப்பிச்சுது சார்."

இருபது பேர் முன்னால் சொன்னான். அந்த இடம் போய்விட்டதா என்று கேட்டேன். கேட்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போகல சார். வேண்டாம்னு சொன்னாருன்னு எழுதினா அன்னிக்கே வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. வீடு பூட்டியிருக்குன்னு எழுதி வெச்சேன். புக் பண்ணவர் போன் பண்ணிச் சொன்னார். கோபக்கார மனுஷன், ரெண்டு வாரம் விட்டுப் பிடிங்கன்னு."

விட்டுப் பிடிக்கச் சொன்னாராம். மாட்டைப்போல.

நேற்றுக் காலை வந்தான். கேபிளை ஜன்னல் ஓரமாக உள்ளே இழுத்து, கூடத்து மூலையில் பெட்டியை மாட்டினான். எல்லாம் முடிந்த பிறகு, "ஓடிபி சொல்லுங்க சார்" என்றான். இணைப்பு உன் வீட்டுக்காரர் பெயரில். அந்த ஆறு எண் அவர் போனுக்குத்தான் போகும். பத்து நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் புக்கிங் ரத்தாகிவிடும்.

என் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தடுத்துவைத்த எண்ணை விடுவிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தடுக்கத்தான் தெரிந்துகொண்டிருந்தேன். லைன்மேன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு அவனே தன் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டான்.

பம்பு ஓடுகிற சத்தம். அப்புறம் உன் வீட்டுக்காரர் குரல். "மச்சான் பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார் சார்."

பம்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். தயாராகத்தான் நின்றேன். சொல்லாமல் வைத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இணைப்பு ஓடுகிறது. ஞாயிறு ஒன்பதரைக்கு வா. அக்காவுக்குப் பிடித்த அந்தப் பச்சைப் புடவையில் வா. நீ மட்டும் வா.

அண்ணன்

ஜூன் 25

அண்ணா,

அக்கா கண் விழித்துவிட்டாள். இன்று காலை அவள் மகன் பேசினான். முதல் கேள்வியே, "அவரு வண்டிய நிறுத்திட்டாராமா?" என்பதுதானாம். மயக்க மருந்தில் உளறுகிறாள் என்று அவன் பயந்துவிட்டான். உளறவில்லை என்று நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை திரையில் அவள் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை எங்கடா?" என்று கேட்டபோது நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வண்டி நிறுத்தப் போயிருக்கார் அக்கா. இந்தத் தெருவுல இடமே கிடைக்காது" என்றாய். புது வீடு எப்படி வந்தது என்று அவள் கேட்டதற்கும், "விடைத்தாள் திருத்த அமைதியான இடம் வேணும்னு எடுத்தேன்" என்றாய். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாய். ஐம்பது நிமிடம் ஒரு மனிதர் வண்டி நிறுத்த இடம் தேடினாராம். அக்கா அதற்கு அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் ஆபரேஷனுக்குப் போனாள்.

ஆனால் நீ சொன்னது பொய் இல்லை. உனக்கு அது தெரியாது.

என்னைக் கொண்டுவந்து விட்டவர் திரும்பிப் போகவில்லை. உன் கேட்டுக்கு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்க" என்று கூப்பிட எனக்குத் தைரியமில்லை. "கூப்பிடாத எடத்துக்கு எதுக்கு" என்று அவரும் சொல்லிவிட்டார். பேசி முடித்துவிட்டு நான் வண்டியில் ஏறியதும் கிளப்புவார் என்று பார்த்தேன். கிளப்பவில்லை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மேலே "மூன்றுகழுதை" என்று இருந்தது. இணைக்கப்பட்டது என்று.

பெயரும் பாஸ்வேர்டும் பழையதாகவே இருந்தால் போன் யாரையும் கேட்காமல் தானாகச் சேர்ந்துகொள்ளுமாம். அவர்தான் சொன்னார். வண்டியை நிறுத்திய நிமிடத்திலிருந்து அப்படித்தான் இருந்ததாம். ஐம்பது நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து இறங்கும்போது, "பாஸ்வேர்டக்கூட மாத்தல பாரு" என்றார்.

லைன்மேன் புதுப் பெயர் என்ன வைக்க என்று உன்னைக் கேட்டிருப்பான். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு எழுதவில்லை. இவ்வளவு எழுதுகிறவன் அதை மட்டும் விட்டுவிட்டாய்.

தங்கை

ஜூன் 26

தங்கைக்கு,

பெயரை மாற்றினால் மடிக்கணினி, பிரிண்டர், போன் என்று எல்லாவற்றிலும் உட்கார்ந்து மாற்ற வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. அதைத் தவிர வேறு காரணம் எதையும் நீங்கள் இரண்டு பேரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மாற்றினால் வந்து உதைப்பேன் என்று சொன்னவள் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறாள். எழுந்ததும் உதைக்கக்கூடியவள்தான்.

பலகைக் கம்பெனிக்கு ஏழாவது புகார் எழுதியிருக்கிறேன். அவனை நான் விடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நின்றது, பல் டாக்டர் வண்டியை எடுக்க முடியவில்லை என்று வீட்டு ஓனரம்மா என்னிடம் வந்து சத்தம் போட்டாள். யாருடைய வண்டி என்று தெரியாமல் நான் அவளிடம் சண்டை போட்டிருக்கிறேன். இனி அங்கே நிறுத்த வேண்டாம். பின்பக்கம் இடம் இருக்கிறது. கேட்டருகில் சிக்னலும் சரியாக வராது, நடுவில் இரண்டு சுவர். படம் நின்று நின்று வரும்.

நாளை மறுநாள் அக்காவை ஐந்து நிமிடம் காட்டுவதாக அவள் மகன் சொல்லியிருக்கிறான். வண்டியை நிறுத்திவிட்டாரா என்று மறுபடியும் கேட்பாள். ஒரே பொய்யை இரண்டு வாரம் சொன்னால் மாட்டிக்கொள்வோம்.

இங்கே இரண்டு நாற்காலிதான் இருக்கிறது. மாடியில் என் அறை ஜன்னலோரத்தில் கைவைத்த நாற்காலி ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். அதை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வரட்டும். நான் அவரோடு பேசப்போவதில்லை. அவரும் பேச வேண்டாம்.

பெட்டி மூலையில்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருக்கிறது. விளக்கு மட்டும் பச்சை. வந்து அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அண்ணன்